பங்குக் கிணறும் ஒரு பழைய லென்ஸும்

கொங்கு நாட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் தவறாது வரும் ஒரு வரி உண்டு. பொதுக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, அதில் பொருத்தியுள்ள மோட்டாரில் மூன்றில் ஒரு பங்கு, வண்டித்தடத்தில் மாமூல் நடைபாத்தியம் என்று அது நீண்டுகொண்டே போகும். நிலத்தை வரப்புப் போட்டுப் பிரிக்கலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே நம் பாட்டன்மார் தண்ணீர் பாயும் நாட்களைப் பிரித்தார்கள். அதற்கு 'முறை' என்று பெயர். இன்று அண்ணன் முறை, நாளை தம்பி முறை, மறுநாள் பங்காளி முறை. முறை தவறி அரிவாள் வரைக்கும் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. மூன்று தலைமுறையாக முறை தவறாமல் பாய்ந்த கிணறுகளும் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

நாங்கள் மூவர் 1988ஆம் ஆண்டில் ஒரு லென்ஸை இந்த முறைப்படி வாங்கினோம். இன்றளவும் அது அப்படித்தான் இருந்து வருகிறது. மூவரில் ஒருவர் இப்போது இல்லை. இதை எழுதுவது மற்ற இருவர். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதியும், எழுதியதை இவர் அடிக்க அவர் மீண்டும் எழுதியும் உருவான கட்டுரை இது.

லென்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. நிக்கார் 80–200 மி.மீ., எஃப் 4.5. ஒரே பார்வைத் தூரத்தில் நிலைத்துவிடாமல் விரிந்தும் குவிந்தும் கொடுக்கும் ஜூம் லென்ஸ்கள் புகைப்பட உலகுக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தன. 35 மி.மீ. புகைப்படக் கேமராவுக்கென்று 'ஜூமார்' என்ற பெயரில் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் முதல் ஜூம் லென்ஸைக் கொண்டுவந்தது 1959இல்தான். வெகுகாலம் வரை 'ஜூம் என்றால் மங்கல்' என்பது தொழில்காரர்களின் முடிந்த முடிபாக இருந்தது. அந்த எண்ணத்தை மாற்றிய ஒரு சிலவற்றுள் நிக்கான் 1969இல் வெளியிட்ட 80–200 ஒன்று. எங்களிடம் இருப்பது அதற்குப் பின், 1977ஐ ஒட்டி வடிவம் திருத்தப்பட்ட வகை. 12 கண்ணாடிகள் 9 தொகுதிகளாக உள்ளே அடுக்கப்பட்டிருக்கின்றன. எடை முக்கால் கிலோ. முன்வாய் 52 மி.மீ. என்பதால் சாதாரண லென்ஸுக்கு வாங்கிய சிவப்பு, மஞ்சள் வடிகட்டிகளே இதற்கும் பொருந்தின. காசு எண்ணிச் செலவழித்தவர்களுக்கு இது சிறிய சௌகரியமல்ல. இதற்கு ஒரே வளையம்தான். சுழற்றினால் குவியம் மாறும், முன்பின்னாக நகர்த்தினால் தூரம் மாறும். வளையத்துக்குக் கீழே குழலின் மீது வண்ண வண்ணமாக வளைந்து விரியும் கோடுகள் இருக்கும். எந்தத் துளையளவில் எவ்வளவு ஆழம் தெளிவாக விழும் என்பதை அவை காட்டும். இப்போதைய லென்ஸ்களில் அந்தக் கோடுகளைக் காண முடிவதில்லை. கணக்கையும் அழகையும் ஒருசேரப் பொறித்துவைத்த அந்தக் கையை நாங்கள் பலமுறை வியந்திருக்கிறோம்.

எங்களில் ஒருவர் அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். ஒருவர் பீளமேட்டுக்கு அருகே இரண்டு லேத்துகளும் ஒரு துளையிடும் இயந்திரமும் போட்டு, பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தவர். மூன்றாமவர் பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். மூவரையும் சேர்த்தது சிங்காநல்லூர்க் குளத்துக் கரை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மீன் பிடிக்கவோ காலைக் கடனுக்கோ வராமல், வெறுமனே பறவை பார்க்க நிற்கிற ஆள் அந்தக் காலத்தில் இன்னோர் ஆளின் கண்ணில் பட்டால் பேசாமல் இருக்க முடியாது.

நகரத்துக் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் தொழிலை விட்டு ஊரோடு போக முடிவு செய்தபோது லென்ஸ் விலைக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து உறவினர் வழியாக வந்த பொருள். வெளிநாட்டுக் கேமராச் சாமான்கள் அன்று சுங்க வரிக்கும் பர்மா பஜாருக்கும் நடுவே எங்கோ தான் நம் கைக்கு எட்டின. அவர் கேட்ட விலை 3,600 ரூபாய். ஆளுக்கு 1,200. ஆசிரியர் வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்தார். மில்காரர் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்தார். பட்டறைக்காரர் ஒரு வாரம் இரவு ஷிஃப்ட் ஓட்டினார். கேமரா ஏற்கெனவே ஆசிரியரிடம் இருந்தது. நிக்கான் எஃப்.எம்., முழுக்க இயந்திர விசையில் ஓடுவது. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி ஒளி அளப்பதற்கு மட்டும். பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம் என்பதைப் பட்டறைக்காரர் ஒரு பெரிய தத்துவம் போலச் சொல்லிக்கொண்டிருப்பார்.

வாங்கிய அன்று மாலையே மில்காரர் ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவந்தார். அவர் கிணற்றுப் பங்குக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பல்லடத்துக்குத் தெற்கே அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒன்பதில் ஒரு பங்கு அவர் தகப்பனாருக்கு இருந்தது. அந்த அனுபவத்தில் முறை எழுதினார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கைமாற வேண்டியது. வாரம் ஒருவர். லென்ஸ் எவர் கையில் இருந்தாலும் ஞாயிறு காலை மூவரும் சேர்ந்தே போவது. பழுது வந்தால் செலவு மூன்றாகப் பங்கு. விற்பதானால் மூவரும் ஒப்ப வேண்டும். இவ்வளவுதான். கையொப்பம்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நோட்டு முடிந்து இப்போது பதினோராவது நோட்டில் இருக்கிறோம். ஒவ்வொரு வரியிலும் தேதி, இடம், பறவை, துளையளவு, வேகம் என்று எழுதிவருகிறோம்.

மில்காரர் லென்ஸைத் தொடும் விதம் தனி. ஷிஃப்ட் முடிந்து வந்தவர் குளித்து, சட்டை மாற்றிய பிறகே பெட்டியைத் திறப்பார். ஸ்பின்னிங்கில் வேலை செய்பவரின் தலைமுடியிலும் இமையிலும் பஞ்சு படிந்திருக்கும். அந்த நுண்ணிய இழை ஒன்று பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டினால் ஒரு படச்சுருள் முழுவதும் அது தெரியும் என்று அஞ்சுவார். மார்கழிக் குளிரிலும் அந்தக் குளியல் நடக்கும். அவர் வீட்டம்மாள், "கோயிலுக்குப் போறப்பக் கூட இப்பிடிக் குளிக்கறதில்லீங்க" என்று எங்களிடம் குறைப்பட்டிருக்கிறார்.

படச்சுருள் அன்று பெரிய செலவு. கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ கிடைக்கும். அதைவிட்டால் நமக்கு மேலே மலையில் செய்யப்பட்ட 'இந்து'. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியற்ற குளிர்ந்த காற்றுக்காக அந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பார்கள். 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டுப் பின் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. நூறடிச் சுருளாக வாங்கி, பட்டறையின் பின்னறையில் விளக்கணைத்து, கைத்தடவலில் 36 படங்களுக்கு ஒன்றாக வெட்டிப் பழைய குப்பிகளில் அடைப்போம். நூறடிக்குப் பதினெட்டுச் சுருள் வரும். அப்படியும் ஒரு ஞாயிற்றுக்குப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் யாரும் எடுத்ததில்லை. கேமராவைத் தாங்க முக்காலி கிடையாது. மாட்டுக்குப் போடும் பருத்திக்கொட்டையைக் காடாத் துணிப்பையில் தளரக் கட்டி, கரைக்கல் மீது வைத்து, அதன் மேல் லென்ஸைப் படுக்க வைப்போம். 200 மி.மீ.இல் கையால் பிடித்தால் குறைந்தது 1/250 நொடி வேண்டும். விடியற்கால வெளிச்சத்துக்கு அது கட்டுப்படியாகாது. பருத்திக்கொட்டை மூட்டையில் 1/60க்கும் துணிந்தோம்.

அந்தப் படங்களை உலகத்தரம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஆசையில்லை. காட்டுயிர்ப் புகைப்படத்தில் கறுப்பு வெள்ளைக்கு ஓர் இலக்கணம் வகுத்த மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். முதுமலையின் யானைகளை அவர் எடுத்த விதத்தைப் பற்றி ஆசிரியர் எங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். கிருஷ்ணனுக்குக் காடு; எங்களுக்கு நொய்யலின் குளங்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், சூலூர் என்று ஆற்றின் வாய்க்கால்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிரப்பிச் செல்லும் அந்தச் சங்கிலியில் கூழைக்கடாவும், மஞ்சள் மூக்கு நாரையும், நீலத் தாழைக்கோழியும் நகரத்துச் சாக்கடையைப் பொருட்படுத்தாமல் இருந்தன. பல்லடம் பக்கம் சோளக் காடுகளில் தை, மாசியில் சூறைக்குருவிகள் இறங்கும். அந்திப் பொழுதில் அவை புகைமூட்டம் போல் திரண்டு ஒரே உடலாகத் திரும்பும்போது 200இல் எதுவும் பிடிபடாது. விரலால் வளையத்தை நகர்த்தி 80க்கு வந்தால்தான் கூட்டம் சட்டகத்துக்குள் அடங்கும். ஜூம் என்பது அருகே இழுக்கும் கருவி என்று நினைப்பவர்களே அதிகம். விலகி நிற்கவும் அது வேண்டியிருக்கிறது.

1996இல் அந்தப் பஞ்சாலை கதவடைத்தது. ஆலையின் பெயர் வேண்டாம். கோவையில் அந்தப் பத்தாண்டில் அப்படி மூடியவை பல. மில்காரருக்குச் சேர வேண்டிய தொகை எப்போது வரும் என்று சங்கத்துக்கும் தெரியவில்லை, வழக்கறிஞருக்கும் தெரியவில்லை. மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகித் தாலிக்கொடியும் எடுத்தாயிற்று. ஒரு ஞாயிறு மாலை முறை மாற்ற வந்தவர், லென்ஸை மேசை மீது வைத்துவிட்டு, கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர் ஆறாயிரத்துக்குக் கேட்கிறார் என்றார். விற்கலாம் என்று அவர் சொல்லவில்லை. விலையை மட்டும் சொன்னார்.

விற்பதற்கு மூவரும் ஒப்ப வேண்டுமென்ற விதி இருந்தது. ஒப்பாமல் இருக்க எங்களுக்கு உரிமையும் இருந்தது. ஆனால் ஒருவன் வீட்டில் பந்தல் நிற்கும்போது விதியைக் காட்டுவது மனிதத்தன்மை அல்ல. ஆறாயிரத்தில் அவர் பங்கு 2,000. அதை நாங்கள் இருவரும் போட்டுக் கொடுத்தோம். கடன் என்றும் சொல்லவில்லை, கிரயம் என்றும் சொல்லவில்லை, கல்யாணச் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னோம். அவர் நோட்டை எடுத்து, அன்றைய தேதியிட்டு, தம்முடைய மூன்றில் ஒரு பங்கை 2,000 ரூபாய்க்குப் போக்கியத்துக்கு விட்டிருப்பதாக எழுதினார்.

இளைய வாசகர்களுக்குப் போக்கியம் என்றால் தெரியாமல் இருக்கலாம். நிலத்தையோ வீட்டையோ கிணற்றுப் பங்கையோ கொடுத்துப் பணம் பெற்றால், பணத்தைத் திருப்பும்வரை அதன் அனுபவம் பணம் கொடுத்தவருக்குச் சேரும். வட்டி கிடையாது, அனுபவமே வட்டி. அதாவது, மில்காரரின் வாரத்தில் லென்ஸ் எங்களுடையது. நாங்கள் மறுத்தோம். "முறை உங்களுதுதான், எடுத்துட்டுப் போங்க" என்றார் பட்டறைக்காரர். "போக்கியம்னா போக்கியந்தானுங்க. தண்ணிய வித்துப்போட்டு ராத்திரியில மடை திருப்புனா அது திருட்டுங்க" என்றார் அவர்.

அதற்குப் பிறகு நடந்ததை விளக்குவது கடினம். ஞாயிறுகளில் அவர் வழக்கம்போல் வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு இரவுக் காவலாளியாகப் போய்க்கொண்டிருந்தவர், விடியற்காலை முதல் பேருந்தில் தூங்காத கண்களோடு வந்து இறங்குவார். பறவையை முதலில் பார்ப்பதும் அவராகத்தான் இருக்கும். மூட்டையை எங்கே வைக்க வேண்டும், வெயில் எந்தப் பக்கம் ஏறும் என்பதெல்லாம் சொல்வார். லென்ஸைத் தொட மாட்டார். நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அவருடைய வாரம் வந்தால் எங்களுக்கும் அதை எடுக்க மனம் வராது. ஆக, மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் அது பட்டறை அலமாரியின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. நோட்டில் அந்த வாரங்களுக்கு எதிரே வெறும் கோடு. 1996 ஆவணியிலிருந்து 2003 தை வரைக்கும் அந்தக் கோடுகள் இருக்கின்றன.

ஐம்பதும் நூறுமாக அவர் திருப்பிக் கொடுத்தார். வாங்க மறுத்துப் பார்த்தோம். ஆசிரியர் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனார். கடைசி ஐம்பதைக் கொடுத்த அன்று, தாமே நோட்டில் 'போக்கியம் மீட்கப்பட்டது' என்று எழுதி, குளித்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி, லென்ஸை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவர் எடுத்தது பறவைப் படமல்ல. தம்முடைய ஆலையின் செங்கல் புகைபோக்கியை, ரயில் பாதைக்கு இந்தப் பக்கமிருந்து 200இல் எடுத்தார். உச்சியில் பருந்துக் கூடு ஒன்று இருந்தது என்பது படம் கழுவிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது அந்தப் புகைபோக்கி இல்லை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்கள் படங்களிலேயே சிறந்தது அதுதான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சொல்லப்போனால் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாத விஷயங்கள் குறைவு.

இடைப்பட்ட காலத்தில் நொய்யலுக்கு நேர்ந்ததை எல்லாரும் அறிவார்கள். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாகிவிட்டது. நீர்ப்பரப்பில் வாத்துகள் இருக்கும் என்று நம்பிப் போன ஒரு நாளில் கறுத்த நீரையும் நுரையையும் எடுத்துக்கொண்டு திரும்பினோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவு வெளியேற்றும் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகே ஊர் அதைப் பேசியது. அதே திருப்பூரில்தான் சர்க்கார் பெரியபாளையத்து நஞ்சராயன் குளமும் இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் தகுதியும் பெற்றது. எங்கள் இரண்டாம் நோட்டில் அந்தக் குளத்துக்கு எதிரே 'மூக்கைப் பொத்திக்கொண்டு' என்று ஆசிரியரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. மயிலுக்கும் அப்படித்தான். முதல் நோட்டில் மயில் பார்க்க ஒரு நாள் பயணம் போயிருக்கிறோம். இன்று பல்லடத்துத் தோட்டக்காரர்கள் மயிலை விரட்ட ஆள் போடுகிறார்கள்.

இந்த லென்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருப்பதற்குக் காரணம் ஜப்பான்காரன் பாதி, கோயம்புத்தூர் லேத்து பாதி. குவியத் திருகுக்குள் இருக்கும் கிரீஸ் காலப்போக்கில் இறுகும். மார்கழியில் வளையம் சுழல மறுக்கும். அதிலிருந்து கசியும் எண்ணெய் ஒளித்துளையின் தகடுகளில் படிந்தால் அவை உரிய நேரத்தில் சுருங்காமல் படம் வெளிறிப்போகும். நகரத்தில் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்ததில் இரண்டு திருகுகளின் தலை மழுங்கி வந்தது. அதன் பிறகு பட்டறைக்காரர் வேறு யாரையும் நம்பவில்லை. ஜப்பானியத் திருகின் கூட்டல்குறிக்கு நம் ஊர்த் திருப்புளி முழுமையாக இறங்காது. முனையை அரைத்துத் தனியாக ஒன்று செய்தார். கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் வளையங்களைக் கழற்ற, உடைந்த வெர்னியர் அளவியின் இரு தாடைகளையும் கூர்மையாக்கி ஒரு கவைச்சாவி தயாரித்தார். குவியத் திருகுக்கு ஒரே சமயத்தில் பல நுழைவாய்கள் உண்டு. தவறான வாயில் ஏற்றினால் எல்லாம் சுழலும், தூரத்து மலை மட்டும் ஒருபோதும் தெளியாது. ஆகவே பிரிக்குமுன் ஊசியால் அடையாளக் கீறல் போட வேண்டும். தகடுகளை லைட்டர் பெட்ரோலில் கழுவினார். வளையம் தொய்ந்து, லென்ஸை வானத்துக்குத் தூக்கினால் தானே நழுவத் தொடங்கியபோது சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி மாட்டினார். அது அழகாக இல்லை என்று ஆசிரியர் இன்றும் சொல்வதுண்டு.

பூஞ்சைதான் பெரும்பகை. கண்ணாடிக்குப் பூஞ்சை பிடிக்கும் என்பதையே பலர் நம்புவதில்லை. காற்றின் ஈரமும், விரல் எண்ணெயும், கொஞ்சம் தூசியும், இருட்டும் போதும். சிலந்தி நூல் போல் கிளைத்துப் பரவி, வெளிவிடும் அமிலத்தால் மேற்பூச்சை அரித்துவிடும். பாலக்காட்டில் இருக்கும் நண்பர்களின் லென்ஸ்கள் இரண்டு மூன்று மழைக்காலங்களைத் தாண்டுவதில்லை. அதே கணவாய் வழியாகத்தான் நமக்கும் ஆனி, ஆடிக் காற்று வருகிறது. ஆனால் மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, குளிர்ச்சியை மட்டும் சுமந்து வருகிறது. அந்த வறட்சி விவசாயிக்குச் சாபம், லென்ஸுக்கு வரம். பெட்டிக்குள் நீல நிற சிலிக்கா மணிகளைப் போட்டு வைப்போம். ஈரம் குடித்து அவை இளஞ்சிவப்பாகும்போது தோசைக்கல்லில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். பழைய தோசைக்கல் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். நீல மணியில் இருக்கும் கோபால்ட் உடம்புக்கு ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்தில் கடுகளவு வெண்மை தென்பட்டது. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும். எப்போது வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் இருவருக்கும் ஓர் ஊகம் உண்டு. வெளிச்சம் படாமல் பெட்டிக்குள் கிடக்கும் லென்ஸில்தான் அது வேர்பிடிக்கும். வெறும் கோடுகளாக இருக்கும் அந்த ஏழாண்டு வாரங்களை நாங்கள் எண்ணிப்பார்த்தோம். மில்காரரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ, மீட்ட பிறகு தம் வாரங்களில் லென்ஸை நாள்தோறும் அரைமணி நேரம் இளவெயிலில் முற்றத்துத் திண்ணையில் வைத்திருந்தார் என்று அவர் வீட்டம்மாள் பின்னர் சொன்னார்.

2021 வைகாசியில் மில்காரர் காலமானார். பெருந்தொற்றின் இரண்டாம் அலை. நாங்கள் முகம்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த வாரம் அவர் முறை. லென்ஸ் அவர் வீட்டில் இருந்தது. ஞாயிறு மாலை ஆறு மணி வந்தது, போனது. நோட்டும் அங்கேயே இருந்ததால் எதையும் எழுதவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு எழவில்லை என்பது உண்மை. எழுந்திருந்தாலும், துக்கம் விசாரிக்கவே போக முடியாத காலத்தில் எதைக் கேட்பது?

ஐப்பசியில் ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். கையில் மஞ்சப்பை. 1996இல் கல்யாணமான அந்த மகளின் மகள். பையிலிருந்து இரும்புப் பெட்டியை எடுத்து வைத்து, "இது உங்களுதுங்களா, எங்க அப்புச்சியுதுங்களா? வூட்ல யாருக்கும் தெரியலீங்க" என்று கேட்டாள்.

"மூணு பேருதும் அம்மிணி" என்றார் பட்டறைக்காரர்.

அவள் நோட்டுகளைப் படித்திருந்தாள். போக்கியம் எழுதிய பக்கத்தைத் திறந்து, இந்த 2,000 எதற்கு என்று கேட்டாள். தேதியைப் பார்த்தால் தன் அம்மாவின் கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு என்று அவளே சொன்னாள். ஆசிரியர் சொல்லத் தொடங்கி முடிக்க முடியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

சந்தையில் இந்த லென்ஸுக்கு இன்று பெரிய விலை கிடையாது. கையால் குவியம் வைக்கும் பழைய லென்ஸ்கள் மலிந்து கிடக்கின்றன. ஆகவே பணத்தால் தீர்க்கக்கூடிய கணக்காக அது இல்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் காசு கொடுத்தால் அவளைச் சிறுமைப்படுத்துவதாகும். மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று ஆசிரியர் தனியாகச் சொன்னார். பட்டறைக்காரர் ஒப்பவில்லை. கிணற்றுப் பங்கு வாரிசுக்கு இறங்குமே தவிர, பங்காளிகள் தங்கள் பங்கையும் தூக்கிக் கொடுப்பது வழக்கமில்லை. அப்படிக் கொடுத்தால் அது தானமாகிவிடும், அந்த வீட்டார் தானம் வாங்குகிறவர்களா என்று கேட்டார். ஏழாண்டு கையைப் பின்னால் கட்டியிருந்தவரின் பேத்தியிடம் அந்தக் கேள்விக்கு வேறு விடை இருக்க முடியாது. அவளையே கேட்டோம். "அப்புச்சி முறைய நான் எடுத்துக்கறனுங்க" என்றாள்.

அவளிடம் தவணையில் வாங்கிய சோனி கண்ணாடியில்லாக் கேமரா ஒன்று இருந்தது. நிக்கான் லென்ஸின் அடிப்பகுதியிலிருந்து படச்சுருள் வரை 46.5 மி.மீ.; அவள் கேமராவில் அந்தத் தூரம் 18. இடையில் 28.5 மி.மீ. குழல் வேண்டும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்று அவள் சொன்னது பட்டறைக்காரரின் காதில் விழவில்லை. மலிவான நீட்டுக்குழல் ஒன்றிலிருந்து இரு பக்கத்துப் பூட்டு வளையங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவுக்கு அலுமினியத் தண்டைக் கடைந்தார். ஒரு மயிரிழை கூடினாலும் தூரத்துப் பொருள் தெளியாது. ஒரு மயிரிழை குறைந்தால் வளையம் முடிவிலிக் குறியை எட்டுமுன்பே அது தெளிந்துவிடும். இரண்டையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு முறை கடைந்து எறிந்தார். ஐந்தாவதை மாட்டிப் பட்டறை மாடியிலிருந்து மருதமலையைப் பார்த்தபோது வளையம் அந்தப் படுத்த எட்டின் மீது சரியாக நின்றது.

எண்ணிமக் கேமரா இந்த லென்ஸின் குறைகளையும் காட்டிக்கொடுத்தது. வெண்கொக்கின் விளிம்பில், எதிர்வெயிலில், ஊதா நிறத்தில் ஒரு கசிவு. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அது எங்கள் கண்ணுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. எஃப் 8க்குக் குறுக்கினால் பெரும்பாலும் போய்விடுகிறது. அவளோ அதை வேண்டுமென்றே விட்டுவைக்கிறாள். மாறாக, குவியம் விழும் விளிம்புகளைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டும் வசதி எங்கள் வயதுக்குப் பெரிய ஆறுதல். பழைய எஃப்.எம்.இன் நடுவட்டத்தில் கண் சற்று நகர்ந்தாலும் ஒரு பாதி இருண்டுவிடும். ஆசிரியருக்குக் கண்புரை எடுத்தாயிற்று. பட்டறைக்காரருக்கு எடுக்க வேண்டும்.

அவள் எங்களைப் போல் பன்னிரண்டு படங்களோடு நிற்பதில்லை. ஒரு காலையில் அறுநூறு எடுத்துவிட்டு, அந்தியில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றை அழிக்கிறாள். முதலில் எங்களுக்கு இது பிடிக்கவில்லை. நோட்டை மட்டும் மாற்றாமல் கையால் எழுதுகிறாள். பழைய நோட்டுகளில் உள்ள இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், அதே கரையில், அதே மாதத்தில் நின்று எடுத்துவருகிறாள். சில இடங்களில் கரையே இல்லை. பஞ்சாலைப் புகைபோக்கி இருந்த திசையில் எடுத்த படத்தில் மாடியில் காயும் துணிகளும் தண்ணீர்த் தொட்டியும் தெரிகின்றன.

கடுகளவாக இருந்த வெண்மை இப்போது மிளகளவாகியிருக்கிறது. படத்தில் இன்னும் விழவில்லை. கழற்றித் துடைக்கலாம், ஆனால் அந்தக் கண்ணாடி உள்தொகுதியில் இருப்பதால் முழுக்கப் பிரிக்க வேண்டும். பட்டறைக்காரருக்கு விரல்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. ஆசிரியர் வேண்டாம் என்கிறார்: பூச்சு அரிக்கப்பட்டிருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது, பிரித்ததில் மையம் விலகினால் இருப்பதும் போய்விடும். பேத்தி செய்யலாம் என்கிறாள். விதிப்படி பழுதுக்கு மூவர் ஒப்புதல் தேவையில்லை, செலவைப் பங்கிட்டால் போதும் என்று நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினாள். அது சரிதான்.

ஆடிக் காற்றில் தூசி பறக்கும். புரட்டாசிக்குப் பின் வடகிழக்கு மழை வந்தால் ஈரம் ஏறும். இடைப்பட்ட ஆவணியில், மழை இல்லாத ஒரு வாரத்தில், பட்டறையின் பின்னறையைக் கழுவிவிட்டுப் பிரிப்பது என்று பேசியிருக்கிறோம். கவைச்சாவியை அவள் பிடிக்க வேண்டும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். இப்போது பழைய டப்பாக் கேமரா ஒன்றின் லென்ஸைக் கொடுத்து, கீறல் போட்டுப் பிரிக்கவும் சரியான வாயில் திரும்ப ஏற்றவும் பழக்கிக்கொண்டிருக்கிறார். மூன்று முறை தவறான வாயில் ஏற்றினாள். நான்காம் முறை மலை தெளிந்தது.